முதலில் ஒரு பகல் படம்

கொப்பன்ஹேகனில் யாரோ ஒரு பெரிய மனிதர் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைத் தூங்கப் போட்டுவிட்டு, தன் வீட்டில் மனைவியோடு நிம்மதியாகத் தூங்கினார். அதே டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற சிறு நகரில் தவராஜாவுக்குத் தூக்கமில்லை. ஊரில் விட்டுவந்த மனைவி ஞானேஸ்வரியைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து இரண்டாவது குளிர்காலமும் வந்துவிட்டது. பொலிஸ் நிலையத்தில் கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்று சிரித்தபடி சொல்வார்கள். அடித்து விரட்டினால்கூட மனிதன் அழுதுவிட்டுப் போவான். சிரித்துக்கொண்டு சொன்னால் என்ன செய்வது?

ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போனவர்கள் பெண்சாதிமாரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டென்மார்க்குக்குப் போனவன் மட்டும் கூப்பிட முடியவில்லை என்றால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் யார் நம்புவார்கள்? வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று கதை பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஞானேஸ்வரியின் தமையன் ஸ்கந்தராஜா, "அவனை நம்பிக் கிழவியாகப் போறியோ?" என்று நாளும் பொழுதும் அவளை அரித்துக்கொண்டிருந்தான். அவள் மட்டும் இன்னும் நம்பினாள். அந்த நம்பிக்கையும் தேய்ந்துகொண்டு வருவது தவராஜாவுக்குத் தெரிந்தது.

அதனால்தான் அவனுக்கு அருந்ததியைப் படம் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. கலியாணத்தன்று மத்தியான வெயிலில் ஐயர் வடக்கே கைகாட்டி, "தெரியுதோ?" என்றார். எல்லா மாப்பிள்ளைகளையும் போல அவனும் "ஓம்" என்றான். பிறகு ஞானேஸ்வரி தனியே கேட்டாள்.

"மெய்யாக் கண்டனீங்களோ?"

"இல்லை. ஒருநாளைக்கு வடிவாக் காட்டுறன்."

காட்டுவதற்குள் சண்டை வந்தது, அவன் ஓடிவந்தான். இங்கே அருந்ததி மறைவதேயில்லை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டி, வடக்கே வயல்களுக்கு மேலே ஏழு நட்சத்திரமும் தாழ்வாக வந்து நிற்கும். வாலின் நடுவில் வசிட்டர், அவரை ஒட்டிப் பொடியாக அருந்ததி. இரண்டையும் ஒரு படத்தில் பிடித்து அனுப்பினால் ஊர்க்கதை எல்லாம் பொசுங்கிப்போகும் என்று நம்பினான்.

கமராவை இரவல் தந்தவள் கிர்ஸ்டன். தையல் தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்து மெஷின். லென்ஸுக்குப் பின்னாலுள்ள ஷட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்திருக்க ஒரு கம்பி உண்டு, அதை அழுத்தும்போது கமரா அசையக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். முக்காலிக்கு அவன் எங்கே போவான்? வயல் வேலிக் கட்டையில் அரிசிப் பையை வைத்து, அதில் கமராவைப் புதைத்தான். நேரம் கணக்கிட ஒரு தேவாரம் முழுதும் பாடினான்.

கழுவக் கொடுத்த கடையிலிருந்து ஒரு படமும் வரவில்லை. ஃபிலிம் துண்டுகள்தான் வந்தன. விளக்குக்கு முன்னே பிடித்துப் பார்த்தான். தேவாரம் முடிவதற்குள் நட்சத்திரங்கள் நகர்ந்து கோடாக இழுபட்டு, வசிட்டரும் அருந்ததியும் ஒரே கோடாகிவிட்டார்கள். போதாதற்கு அந்தக் கோட்டுக்கு நடுவாலேயே ஃபிலிமை வெட்டியிருந்தார்கள்.

"முழுக்க இருட்டாக இருந்தால் ஒரு படம் எங்கே முடிகிறதென்று மெஷினுக்குத் தெரியாது" என்றார் கடைக்காரர். "அடுத்த முறை முதலில் ஒரு பகல் படம் எடு. சரியாக வெட்டுவோம்."

வெட்டுவோம் என்றுதான் சொன்னார். காகிதத்தில் படமாக அடிப்போம் என்று சொல்லவில்லை. தவராஜா அதைக் கவனிக்கவில்லை, பாவி.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பகல் படம் எடுத்தான். முற்றத்தில் கிர்ஸ்டன் குளிருக்கு அவனுடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு சிகரெட் பிடித்தபடி நின்றாள். கமராவைக் கண்டதும் சிரித்தாள். அமுக்கினான். மெஷினுக்குக் காட்ட ஒரு படம், அவ்வளவுதான். அன்று மாலை அரிசிப் பையில் கமராவை வைத்து, தேவாரத்தில் இரண்டு வரி மட்டும் பாடி, மீதி ஃபிலிம் முழுவதையும் வானத்துக்கே கொடுத்தான். ஒன்றாவது சரியாக வந்திருக்கும் என்று மனம் துள்ளியது.

அப்போதுதான் கோல்டிங் நகரத்து இராசரத்தினம் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. முந்தியே வந்து டெனிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர், தாய்க்கு வருத்தம் கடுமை என்று புறப்பட்டார். அவருடைய ரயில் வெளிக்கிடும் நாளில்தான் படம் கடையில் கிடைக்கும். தவராஜாவுக்கு அன்று பகல் வேலை. வீட்டில் கூட இருந்த மன்னார்ப் பொடியன் கிறிஸ்துநாயகத்தை அனுப்பினான்.

"உறையை அப்பிடியே அண்ணையிட்டைக் குடு. 'இதுதான் உன்ரை மனுசன் காட்டுறன் எண்டு சொன்ன அருந்ததி' எண்டு ஞானத்திட்டைச் சொல்லச் சொல்லு."

கிறிஸ்துநாயகம் சொன்னபடி செய்தான். உறை கனமில்லாமல் இருந்தது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் புருசன் பெண்சாதிக்கு அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கலாமா? அவன் மரியாதையான வீட்டுப் பிள்ளை. இராசரத்தினமும் மரியாதையான மனிதர். இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் அந்த உறை பத்திரமாகக் கொக்குவில் போய்ச் சேர்ந்தது.

ஞானேஸ்வரி அதைத் தமையனுக்கும் அயலுக்கும் முன்னால் பிரித்தாள். இராசரத்தினம் சொல்லச் சொன்னதைச் சொல்லி முடித்திருந்தார். உள்ளே ஃபிலிம் துண்டுகளோடு ஒரே ஒரு படம். புருசனின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறாள்.

மிச்சமெல்லாம் வெறும் இருட்டு, அடிப்பது வீண் என்று கடையில் நல்ல மனதோடு விட்டுவிட்டார்கள்.

இக்காஸ்டில் தவராஜாவுக்கு எதுவும் தெரியாது. தாய் செத்து, ஊர்ச் சண்டைக்குள் அகப்பட்ட இராசரத்தினம் திரும்பவில்லை. கடிதமும் வரவில்லை. ஊரில் தபால் ஒழுங்காக இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். கோடை வந்தது. தூங்கிய விண்ணப்பங்கள் எழும்பின. பொலிஸ் நிலையத்தில் அதே சிரிப்போடு, "உன் மனைவிக்கு அனுமதி வந்துவிட்டது" என்றார்கள். அவளும் தமையனோடு கொழும்புக்கு வந்து நிற்கிறாள் என்று ஆள் மூலம் அறிந்தான். வீசாவுக்குத்தான் வந்திருக்கிறாள்! அவர்கள் தங்கியிருந்த லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஞானம், கிடைச்சிட்டுது!"

"தெரியும். வீசாக் கந்தோரிலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னவை. நான் வரேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"உங்கட அருந்ததியைப் பாத்தன். சபையிலை வைச்சுத்தான் காட்டினனீங்கள். ஆள் வடிவுதான்."

அவனுக்கு விளங்கவே சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் கடை, மெஷின், பகல் படம், வெட்டு என்று தலைகால் தெரியாமல் கத்தினான். அத்தனையும் சத்தியம். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது அண்டப்புளுகாகக் கேட்டது.

"அந்த ஃபிலிம் துண்டுகளைப் பார் ஞானம், அதிலை கிடக்கு, வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்!"

"அதை அண்ணை அடுப்பிலை போட்டிட்டார்" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. "எல்லாச் சனமும் சொல்லேக்கை நான் ஒருத்திதான் உங்களை நம்பினனான். என்னை விட்டிடுங்கோ."

வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கோழிக்கறி மணத்தது. செய்தி கேள்விப்பட்டு கிறிஸ்துநாயகம் லீவு போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தான். தன் கல்யாணம் போல முகம் பூத்திருந்தது.

"அண்ணி எப்ப வாறா, அண்ணை?"

"வரமாட்டா."

நடந்ததைத் தவராஜா சொன்னான். பொடியனின் முகம் வெளிறிக்கொண்டே போனது. அவன்மேல் ஒரு குற்றமுமில்லை என்று தவராஜாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கொப்பன்ஹேகன் பெரிய மனிதர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தார், கடைக்காரர் டெனிஷ்காரர், தமையன் கடலுக்கு அப்பால். கைக்கெட்டின தூரத்தில் நின்றவன் இவன் ஒருத்தன்தான்.

"நீ அந்த உறையை ஒருக்காப் பிரிச்சுப் பாத்திருந்தா, அவள் இண்டைக்கு வந்திருப்பாள்" என்றான்.

கிறிஸ்துநாயகம் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனான். தவராஜா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, கறியை அள்ளிப் போட்டு, முழுவதையும் சாப்பிட்டான்.