311-க்குத் தட்டு வேண்டாம்

தெரிந்தவருடைய கோப்பு வந்தால் உள்ளே போகாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பயிற்சியின் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி இது. இதை எழுதியவர் ஏதோ பெரிய நகரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். எங்கள் கவுண்டி ஒரு சின்ன மலை மாவட்டம். மொத்த மலையும் நாலைந்து குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறது.

"மிஸ் நோலா, இதுவும் ஆகாது."

"இப்ப யாரு?"

"என் வீட்டுக்காரரோட மொதப் பொண்டாட்டி."

என் பயிற்சியை மேற்பார்க்கிற நோலா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா லொரீன், இந்த ஊர்ல உனக்குத் தெரியாதவங்க யாருக்காச்சும் உடம்பு சரியில்லாமப் போகுமா, போகாதா?"

அது பதினோராவது. அதற்கு முன்னால் எங்கள் பாதிரியார், பள்ளிப் பேருந்து ஓட்டியவர், எனக்கு முடி வெட்டுகிறவள் என்று வரிசையாகத் திருப்பிக் கொடுத்திருந்தேன். நோலா லெக்சிங்டன் நகரத்துப் பக்கத்திலிருந்து இரண்டு வருடம் முன்பு வந்தவர். அவருக்கு இந்த ஊரில் எல்லோருமே அந்நியர்கள். கொடுத்து வைத்தவர்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கு அடுத்தது பதிவேட்டுப் பிரிவு. நோயாளி வீட்டுக்கோ கல்லறைக்கோ போன பிறகு அவருடைய கோப்பு எங்களுக்கு வரும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். எழுதாதது நடக்காதது, இதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். மருத்துவர் கண்ணீர் விட்டு அழுதிருந்தாலும் சரி, கோப்பில் இல்லையென்றால் அழவில்லை.

பட்டம் வாங்க இப்படி நாற்பது கோப்புகள் முடித்தாக வேண்டும். இரண்டு வருடப் படிப்பு, எனக்கு ஆறாவது வருடம் நடக்கிறது. ஐம்பது வயது. காலை ஐந்து முதல் ஒன்றரை வரை இதே மருத்துவமனையின் சமையலறையில் வேலை, சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி மாடிமாடியாகத் தள்ளுவேன். பிறகு வலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு அடித்தளத்துக்கு இறங்கி மாணவியாகிவிடுவேன். உடம்பில் கிரேவி வாசனை மட்டும் போகாது. என் முழங்கால்களுக்கு என்மேல் எப்போதும் கோபம். படித்து முடித்தால் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நாற்பது முடியவில்லை என்றால் பயிற்சி செல்லாது. மறுபடி அடுத்த கோடையில்தான். இன்னொரு வருடத்துக்கு என்னிடம் சக்தி இல்லை.

இது போதாதென்று ட்ரீவா.

ட்ரீவா என் அக்கா. ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்காலுக்கு, நான் வண்டிக்குள் உட்கார்ந்து சோளரொட்டி தின்றுகொண்டே பாடம் பார்க்கிற அந்தக் கால்மணி நேரத்தில், சரியாகக் கூப்பிடுவாள்.

"பாத்தியா?"

"பாக்க முடியாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதானடி ஒக்காந்திருக்க. பேரைத் தட்டினா வந்துட்டுப் போகுது."

"தட்டினா அடுத்த நிமிஷம் அது மேலிடத்துக்குப் போயிடும். யார் தொறந்தா, எத்தனை விநாடி பாத்தான்னு எல்லாம் பதிவாகும். படிப்பும் போகும், சமையலறை வேலையும் போகும்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

சும்மா இல்லை. எங்கள் கூடப்பிறந்த டெல்மர் மார்ச் மாதம் இந்த மருத்துவமனையில்தான் இறந்தான். எனக்கு அவன் அண்ணன், ட்ரீவாவுக்குத்தான் தம்பி. பதினோரு வருடம் முன்பு, அம்மா புற்றுநோயில் கிடந்தபோது, அவளுடைய வலி மாத்திரைகளை அவன் திருடித் தின்றான். அம்மா கத்திக்கொண்டு செத்தாள். அடக்கத்தன்று தேவாலயத்து வாசலில், எல்லோர் காதும் கேட்க, "எனக்குத் தம்பின்னு யாரும் கெடையாது" என்றாள் ட்ரீவா. சொன்னதைக் காப்பாற்றவும் செய்தாள். அவன் அந்தப் பழக்கத்தை விட்டான், மரம் வெட்டினான், ஏழு வருடம் சுத்தமாக இருந்தான். அவள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவாளே தவிர முகம் பார்க்கவில்லை. இப்போது அவன் போன பிறகு, கடைசியில் தன்னைக் கேட்டானா என்று தெரிய வேண்டுமாம்.

வழி இல்லாமல் இல்லை. மனைவி மக்கள் இல்லாதவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் விண்ணப்பம் கொடுத்து நகல் வாங்கலாம். இரண்டு முறை சொன்னேன்.

"விண்ணப்பம் வாங்குற அந்தச் சன்னல்ல ஒக்காந்திருக்கிற பொண்ணு எங்க சர்ச்சுக்கு வர்றவ. 'உறவு'ன்னு ஒரு கட்டம் இருக்குன்னு சொன்னியே, அதுல நான் என்னத்த எழுதுவேன்? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரே பேசும்."

"பேசட்டுமே."

"ஒனக்கென்ன, நீ அவனோட பேசிக்கிட்டுதானே இருந்த. நீயே வாங்கேன்."

என்னால் வாங்கியிருக்க முடியும். மார்ச்சிலிருந்து எந்த நாளும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். பிப்ரவரியில் பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்ததுதான் கடைசி. மருந்தியல் பாடத்தில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை எழுதப்போவதாகச் சொன்னேன். "மாத்திரையப் பத்தியா? என்கிட்ட கேளு, நான் அதுல டாக்டர் பட்டம் வாங்கினவன்" என்று சிரித்தான். கண் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். ஈரல் சம்பந்தப்பட்ட பாடத்தை அந்த வாரம்தான் படித்திருந்தேன், இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்தேன். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மருந்தியல் தேர்வை எழுதி எழுபத்தாறு வாங்கினேன். அன்று மாலை அடக்கம் செய்கிறவர் கூப்பிட்டு, டெல்மர் முந்தைய நாள் போய்விட்டான் என்றார். எந்த மருத்துவமனை என்று கேட்டேன். "ஒங்க ஆஸ்பத்திரிதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிச்சல். நோலா நாற்பதாவதை என் பட்டியலில் போட்டுவிட்டுக் காப்பி எடுக்கப் போனார்.

முகப்பில் பெயர், பிறந்த தேதி, அறை எண், வந்த நாள், போன நாள் இவ்வளவுதான் வரும். அடுத்த சொடுக்கில்தான் உள்ளே.

பென்ட்லி, டெல்மர். அறை 311.

என் பெயர் கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டாம்ப்பர். நோலாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. திருட்டுத்தனமாகத் தட்டித் தேடியதும் இல்லை, வேலையாக என் கைக்கு வந்தது. படித்தால் நாற்பது முடியும், அக்காவின் வாயும் அடையும். ஒரே சொடுக்கு.

நான் அறை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்குக் காலையில் வருகிற தாளில் எல்லா அறைகளும் இருக்கும். வாயால் எதுவும் கொடுக்கக்கூடாத நோயாளி என்றால் பெயர் இருக்காது, அறை எண்ணும் 'தட்டு வேண்டாம்' என்பதும் மட்டும்தான். மார்ச் மாதம், தேர்வு வாரம். 311-க்குத் தட்டு வேண்டாம். இரண்டு நாள் காலை, மதியம், இரவு. காலைக்கும் மதியத்துக்கும் வண்டியைத் தள்ளியது நான். 310-க்குக் கொடுத்தேன், 312-க்குக் கொடுத்தேன். நடுவில் இருந்த கதவு பாதி திறந்துதான் இருந்தது. ஒரு தட்டு குறைந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

படிக்க வேண்டும்போல் வெறியாக இருந்தது. அவன் யாரையாவது கேட்டானா, யாரையுமே கேட்கவில்லையா என்பது ஒரு சொடுக்குத் தூரத்தில் கிடந்தது. எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டோமே என்ற நேர்மையும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் பயம்தான். மூடினேன்.

"மிஸ் நோலா, இதுவும் ஆகாது."

காப்பியோடு வந்தவர் சிரித்தார். "இவரு யாரு, ஒன்னோட மொதப் புருஷனா?"

"கூடப் பொறந்தவன்."

சிரிப்பு நின்றது. திரையில் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நாற்காலியின் முதுகில் ஒருமுறை கையை வைத்தார். பிறகு தன் இடத்துக்குப் போய்ப் பட்டியலைத் தேடினார்.

"இந்தா. செவ்வாய்க்கிழமை பொறந்து நேத்து வீட்டுக்குப் போன கொழந்தை. நாலு பக்கம். இவனையும் தெரியும்னு சொன்னன்னா நானே ஒன்னை ஃபெயில் பண்ணிடுவேன்."

பெயரைப் பார்த்தேன். "இவன் தாத்தாவைத் தெரியும்."

"லொரீன்!"

"சரி சரி, தெரியாது."

ஆரோக்கியமான ஆண் குழந்தை, சுகப்பிரசவம். நாலு ஐம்பதுக்கு முடித்தேன்.

ட்ரீவாவிடம் அன்றே சொன்னேன். மறைத்திருக்கலாம், ஆனால் மறைப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

"கையில வந்ததை மூடினியா?"

"மூடினேன்."

"நல்லா இருடி. பட்டத்தை வாங்கி மாட்டிக்கோ" என்று வைத்துவிட்டாள். அதோடு அந்த ஒன்றே முக்கால் அழைப்பு நின்றது. இத்தனை மாதம் எரிச்சலாக இருந்த கால்மணி நேரம் காலியானதும் சோளரொட்டியைப் பாதியிலேயே மடித்து வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தட்டுகள் முடிந்த நேரம், போனில் அவள் பெயர். "வண்டி நிறுத்துற எடத்துக்கு வா." வலைத்தொப்பியோடு போனேன். ட்ரீவா தன் பழைய டிரக்கில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பு உறை, அதன்மேல் விண்ணப்பத்தின் நகல். 'உறவு' என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தாள். பேனாவை அழுத்தியதில் தாள் ஓர் இடத்தில் கிழிந்திருந்தது.

"சன்னல்ல இருக்கிற அந்தப் பொண்ணு இதப் படிச்சிச்சா?"

"படிச்சிச்சு. 'ஒங்களுக்காக ஜெபம் பண்றேன், மிஸ் ட்ரீவா'ன்னு சொல்லிச்சு. நல்ல பொண்ணுதான்." ஒரு தாளை நீட்டினாள். "இதுல இருக்கிறதச் சத்தமாப் படி. நான் சரியாத்தான் படிச்சேனான்னு தெரியல."

செவிலியர் குறிப்பு. படித்தேன். 'தொடர்புக்கு: அக்கா ட்ரீவா. எண்ணை நோயாளி மனப்பாடமாகச் சொன்னார். மாலை 4:10, அழைத்தோம், எடுக்கவில்லை. 6:30, எடுக்கவில்லை. மறுநாள் காலை 7:15, எடுக்கவில்லை. குரல்பெட்டி நிரம்பியுள்ளது, செய்தி விட முடியவில்லை.'

இந்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் எண் தெரியாது. எண் தெரியாத அழைப்பை எங்கள் ஊரில் ஒருவரும் எடுப்பதில்லை. கார் காப்பீடு, பரிசுச் சீட்டு என்று ஏமாற்றுகிறவர்கள்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ட்ரீவாவின் குரல்பெட்டியோ பல வருடமாக நிரம்பியே கிடக்கிறது. நான் அதை வைத்து எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

"மூணு வாட்டி" என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமை எவனோ ஒருத்தன் விடாமக் கூப்பிட்டு உயிரை வாங்குறான்னு ஒன்கிட்ட போன்ல திட்டினேனே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இல்ல?"

"இல்ல. இது செவ்வாயும் புதனும்."

"சரி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ அன்னிக்கே படிச்சிருந்தா என்கிட்ட என்ன சொல்லியிருப்ப?"

"பொய் சொல்லியிருப்பேன். தூக்கத்துலயே போயிட்டான், யாரையும் கேக்கலன்னு."

"நெனச்சேன்." உறையிலிருந்து இன்னொரு தாளை உருவினாள். "இது ஒன்னோடது. படிக்கிறியா, நான் படிக்கவா?"

"நீயே படி."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தாள். "செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணி. 'தங்கை ஒருத்தி இந்த மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்வதாக நோயாளி சொல்கிறார். அழைக்கட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்கிறார். வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை, அது முடிந்ததும் சொல்லுங்கள் என்கிறார். காலையில் தட்டு வண்டிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்.'"

ட்ரீவா தாளை மடித்து என் ஏப்ரன் பையில் வைத்தாள். நான் டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுபத்தாறு மதிப்பெண். வெறும் எழுபத்தாறு. தேர்ச்சிக்கு எழுபத்தைந்து.

"போ, வேலைக்கு நேரமாகுது" என்றாள். நான் நகரவில்லை. இறங்கிவந்து என் தொப்பியைச் சரிசெய்தாள்.

மதியத் தாள் வந்திருந்தது. மூன்றாம் மாடியை அன்று வேறொருத்திக்குப் போட்டிருந்தார்கள். மாற்றிக்கொண்டேன். 311-இல் யாரோ இருந்தார்கள். கோழி சூப், பிஸ்கட், சர்க்கரை இல்லாத காப்பி. வண்டியை வெளியே நிறுத்தி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கையால் கதவைத் தட்டினேன்.