சுவரைப் பார்த்துக் குடிக்கும் காப்பி

எங்கள் ஊரில் கல்யாணத்தன்று பால் பழம் கொடுக்கும்போதே புருஷன் பெண்டாட்டி நாக்குகளை ஜோடி போட்டுவிடுவார்கள். அதன்பிறகு ஒருவருக்குக் காப்பி இனித்தால் மற்றவருக்குக் கசக்கும், எத்தனை மைல் தள்ளி இருந்தாலும். குடிக்கும் வரைக்கும் யாருக்கு எது என்று காப்பிக்கே தெரியாது. குடிக்கிறவர் முகத்தை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் ஜோடி கழன்றுவிடும். அதனால்தான் எங்கள் டீக்கடை பெஞ்சுகள் எல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கின்றன.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டேன். செண்பகவல்லி ஊரில் இருக்கிறாள். காலையில் என் காப்பி கசந்தால், அங்கே அவளுக்கு இனித்திருக்கும் என்று மனசு நிறைந்துவிடும். மறுநாள் எனக்கு இனிக்கும். எங்கள் குடித்தனம் அந்த ஒரு டம்ளரில்தான் நடந்தது.

சித்திரையில் என் காப்பி தொடர்ந்து கசக்க ஆரம்பித்தது. இனிப்பு என் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அப்படியானால் அவளுக்குத் தினமும் இனிக்கிறது. நான் இல்லாத வீட்டில் அப்படி என்ன இனிப்பு வேண்டிக்கிடக்கிறது? எனக்கு வயிறு எரிந்தது.

ஊரில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா புருஷன் ஆவுடையப்பன் அத்தானிடம், அவள் காப்பி குடிக்கும்போது எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"மாப்ளே, மூஞ்சியச் சுளிச்சா. கசப்புதான்."

எனக்கும் அந்த நேரம் கசப்புதான். இரண்டு பக்கமும் கசப்பு. அத்தான் பார்த்ததால் கழன்றதா, முன்பே கழன்றிருந்ததா? தெரிந்துகொள்ள, மறுபடியும் பார்க்கச் சொன்னேன். ஒருநாள் இனிப்பு கசப்புக் கணக்கு ஒத்துப்போனது, ஒருநாள் போகவில்லை, முன்பின் தெரியாத இரண்டு பேர் காப்பி குடிக்கிற மாதிரி.

செண்பகவல்லி கூப்பிட்டாள். "ஏங்க, யாரையாவது எட்டிப் பாக்கச் சொன்னீங்களா?"

"சேச்சே."

"இல்ல, இப்பல்லாம் காப்பி வெறும் காப்பியா இருக்கு. நீங்க இல்ல அதுல."

எனக்கு அழுகை வந்தது. சந்தேகம் போகவில்லை.

மறுநாள் காலை என் காப்பி இனித்தது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தான் போன்.

"மாப்ளே, இப்ப காப்பி குடிச்சியா? எனக்கு இங்க வேப்பங்கொழுந்தா கசக்குய்யா!"

பார்த்தவர் நாக்கு என் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. அது நடப்பதுதான். ஜோடி விழுந்துவிட்டால் முறை செய்யாமல் விடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா பந்தலுக்குச் சொல்லிவிட்டாள். வைகாசி முகூர்த்தத்தில் எனக்கும் அத்தானுக்கும் பால் பழம் கொடுக்கிறார்கள். வேட்டி எடுத்தாயிற்று.

பால் பழம் கலக்கப் போவது செண்பகவல்லிதான். கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதாகச் சொன்னாள். சீனி போடுவாளா என்பதுதான் தெரியவில்லை. யாரையாவது எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.