நாற்பத்தேழு பேருக்குப் போன செய்தி

அக்கா இறந்த ஆறாம் நாளே சின்னவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். நாற்பத்தொரு வயதாகியும் அதுவே நிலைத்துவிட்டது. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கணினிப் பிரிவில், பதினாறு வருடமாக ஒரே நாற்காலி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அக்காவுக்கு நாலு வருடம், வாரம் மூன்று நாள், டயாலிசிஸ் நடந்தது. கடைசி மூச்சு நின்றதும் அங்கேதான். இப்போது சின்னவள் காலையில் அந்தப் பிரிவின் பக்கம் திரும்பாமல் லிஃப்டில் ஏறி, கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

யாராவது துக்கம் விசாரித்தால், "ஆமாங்க, ரொம்ப நாளா முடியாமத்தான் இருந்தாங்க" என்று பதில் வரும். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

வேலை மட்டும் நடந்தது. அந்த மருத்துவமனை முழுவதையும் ஒரே ஒரு அப்ளிகேஷன் சுமந்துகொண்டிருந்தது. நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, மருந்துக்கடை, படுக்கை ஒதுக்கீடு, நோயாளிகளுக்குப் போகும் நினைவூட்டல் குறுஞ்செய்தி என்று எல்லாமே ஒரே சர்வருக்குள் பின்னிப் பிணைந்து கிடந்தன. ஆய்வகம் தும்மினால் மருந்துக்கடைக்குச் சளி பிடிக்கும். இதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனி மென்பொருள் உறையில் அடைத்து, கிளவுடு எனப்படும் இணையவழிக் கணினிகளுக்குக் கொண்டுபோக வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள்.

முதல் நாள் கூட்டத்திலேயே அவர் சொன்னார்: "இது கூட்டுக்குடும்பம் மாதிரிங்க. ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்தா மொத்த வீடும் பட்டினி. ஒவ்வொருத்தரையும் தனிக்குடித்தனம் வெச்சுட்டா அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பாத்துப்பாங்க." அன்றிலிருந்து, வாடகை வீடு பிடித்துக்கொடுப்பவரைப் போல, அவருக்குத் 'தரகர்' என்று பெயர் விழுந்தது.

முதலில் தனிக்குடித்தனம் போனது நினைவூட்டல். அதைப் பிரித்தெடுக்கும் வேலை சின்னவளிடம் வந்தது. இரண்டு வாரம் தலை நிமிராமல் செய்தாள். ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அது கிளவுடிலிருந்து முதன்முறையாக ஓடியது. மறுநாள் வரவேண்டியவர்கள் எல்லோருக்கும் அரை நிமிடத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது. மேலாளர் கை தட்டினார். சின்னவளும் தட்டினாள்.

செவ்வாய் காலை எட்டரைக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. வரவேற்பறையில் அழைப்புகளை எடுக்கும் போன்காரம்மா.

"மேடம், என்னமோ தப்பு நடந்திருக்கு. காலையில இருந்து ஆறு போன். ஒருத்தர் அழுறாரு, ஒருத்தர் திட்டுறாரு. செத்துப்போனவங்களை இன்னைக்கு வரச் சொல்லி மெசேஜ் போயிருக்காம்."

சின்னவளுக்குக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது. தேட வேண்டிய அவசியமே இல்லை. பழைய நிரலில் அந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பது வரை கண்முன் நின்றது. செய்தி அனுப்புவதற்கு முன், இந்த நோயாளி இறந்தோர் பதிவில் இருக்கிறாரா என்று நினைவூட்டல் பகுதி பக்கத்துப் பகுதியிடம் கேட்கும். ஒரே வீட்டில் இருந்தவரை அது ஒரு வரிக் கேள்வி. தனியாகப் பிரித்தபோது அந்தக் கேள்விக்குப் புதிதாக வழி செய்திருக்க வேண்டும். அந்த வரியை அவள் பார்த்தாள். 'இறந்தோர்' என்ற சொல்லில் கண் பட்டதும் விரல் திரையைக் கீழே தள்ளிவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை.

செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பட்டியலை எடுத்தாள். நாற்பத்தேழு பெயர்கள். போன மாதம் இறந்தவரும் இருந்தார், ஆறு வருடத்துக்கு முன் இறந்தவரும் இருந்தார்; அவர்களுடைய வாராந்திர முன்பதிவுகளை யாரும் நீக்கியிருக்கவில்லை. பதினெட்டாவது பெயர் அக்காவுடையது. அதை அவள் ஒரு முறை வாசித்தாள். எழுத்துப்பிழை இல்லை.

மறுபடி தொலைபேசி அடித்தது. "மேடம், உங்க மாமா கீழ வந்திருக்காரு" என்றார் போன்காரம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மாமா, அக்காவின் கணவர், டயாலிசிஸ் பிரிவின் வாசலில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் அக்காவின் நீலக் கோப்பு. போர்வை வைத்த பை காலடியில்.

"மாமா."

"மெசேஜ் வந்துச்சு சின்னு. காலையில ஒன்பது மணிக்குன்னு." கைபேசியை நீட்டினார். "தப்புன்னு தெரியும். எனக்கென்ன புத்தியா பேதலிச்சுப்போச்சு? ஆனா குளிச்சேன், சட்டை போட்டேன், பையை எடுத்தேன். பஸ்ல பாதி தூரம் வந்தப்புறம்தான் எதுக்குப் போறோம்னு தோணுச்சு. பாதியில இறங்கித் திரும்பறதுக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அக்காவின் கட்டிலில் வேறொரு பெண் படுத்துப் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாமா பண்ணேன். ஒரு வரியை விட்டுட்டேன்."

மாமா கோப்பைப் பைக்குள் வைத்தார். பிறகு, "டீ குடிக்கிறியா?" என்றார்.

இருவரும் டீ குடித்தார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவள் மாடிக்கு ஏறினாள்.

மேலாளர் அறையில் தரகரும் இருந்தார். "டெஸ்ட்ல இது வந்திருக்கணுமே" என்று அவர் தலையைச் சொறிந்தார். சின்னவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். வரியைப் பார்த்ததையும் சொன்னாள். மேலாளர் நல்ல மனிதர். திட்டத் தெரியாமல் திணறினார்.

"சரி, விடுங்க. எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெசேஜ் தட்டிவிட்டுடலாம்."

"வேணாம் சார். அதே நம்பர்லேர்ந்து இன்னொரு மெசேஜ் வந்தா பாக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்? நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"நாற்பத்தேழு பேருக்குமா?"

"ஆமா சார்."

வரவேற்பறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் போன்காரம்மா அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். "முதல் வார்த்தையிலயே ஆஸ்பத்திரின்னு சொல்லாதீங்க மேடம், பதறிடுவாங்க. உங்க பேரைச் சொல்லிட்டு மெதுவா ஆரம்பிங்க." பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் போட்டுக்கொடுத்தார்.

ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். ஒரு பெண் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஒரு வயதான மனிதர், "பரவாயில்லம்மா, அவ பேரை நாலு மாசம் கழிச்சு இன்னொருத்தர் எழுதிப் பாத்தேன்" என்றார். அது மனிதர் எழுதியதில்லை என்று அவள் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இறந்தவரின் மகளோ வாய்விட்டுச் சிரித்தாள்: "எங்கப்பா உயிரோட இருந்தப்பவே சொன்ன தேதிக்கு ஒரு நாளும் வந்ததில்லீங்க!"

சின்னவள் ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி பேசினாள். குரல் பிசகவில்லை. கல்லுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. போன்காரம்மாதான் இடையிடையே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதன் மாலைக்குள் நாற்பத்தாறு பெயர்களுக்கு எதிரே கோடு விழுந்தது. போன்காரம்மா பதினெட்டாவது பெயரில் பேனாவை வைத்து அவளைப் பார்த்தார்.

"அது நான் பாத்துக்கிறேன்" என்றாள் சின்னவள்.

வியாழனன்று விட்டுப்போன கேள்விக்கு வழி செய்தாள். இந்த முறை தரகர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சேர்ந்து படித்தார். வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. இறந்தவர்கள் பட்டியலை வைத்தே சோதித்தார்கள். ஒருவருக்கும் செய்தி போகவில்லை. நாற்பத்தேழும் பூஜ்யமானது. மேலாளர் திங்கட்கிழமை மறுபடி ஓடவிடலாம் என்றார். அடுத்து மருந்துக்கடைப் பகுதியைப் பிரிக்க வேண்டும், முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றாள்.

அன்று இரவு, அக்கா போனபின் அவளும் மாமாவும் மட்டுமே மிஞ்சிய வீட்டில், இருவருக்கும் தட்டு வைத்தாள். மாமா செய்தித்தாளை மடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பரிமாறிவிட்டு அவள் உட்காராமல் நின்றாள்.

"மாமா, மத்தவங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லல."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"இல்ல, சொல்லணும்."

அவர் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நாற்பத்தாறு முறை சொன்ன அதே வாக்கியத்தை ஆரம்பித்தாள். "திங்கட்கிழமை எங்க தரப்புலேர்ந்து உங்களுக்கு ஒரு செய்தி தவறுதலா வந்துடுச்சு. உங்க மனைவி…" தண்ணீர் குடித்தாள். "உங்க மனைவி இறந்துட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பிட்டோம். மன்னிச்சுக்கங்க."

கண் வறண்டுதான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா எழுந்துவந்து அவளுக்கு எதிரில் தரையில் அமர்ந்தார். முழங்கால் வலியில் அதற்கே சிறிது நேரம் பிடித்தது.

"சரிம்மா" என்றார். "சொல்லிட்டே இல்ல. சாப்பாடு ஆறுது."

அவருடைய தட்டை எட்டி எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அக்கா போன பிறகு முதல்முறையாக, உப்பு குறைவு என்று நாக்குக்குத் தெரிந்தது.