எட்டாம் எண் பிள்ளையின் பல்

கல்லில் பல் நிற்காது. கல்லறைக் கல் வாங்க வருகிறவர்களிடம் புள்ளியின் அப்பா முதலில் சொல்வது இதைத்தான். போட்டோவில் செத்தவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாலும் கல்லில் வாயை மூடித்தான் பொளிவார்கள். பளபளவென்று தேய்த்த கருங்கல்லில் ஊசி உளியால் குத்தினால் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளிகள் நெருங்கினால் வெளிச்சம், விலகினால் நிழல், தொடாத இடம் கருப்பு. இப்படிக் குத்திய பல் நாலு மழை பார்த்தால் உடைந்த பல்லாகிவிடும். அப்பா வேறொரு பட்டறையில் கூலிக்கு இருந்த காலத்தில், எங்க அம்மா என்ன பொக்கை வாயா என்று ஒருவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். அதற்குப் பிறகு அப்பா பல் பக்கமே போனதில்லை.

இப்போது பட்டறையில் முகம் பொளிகிறவள் புள்ளிதான். பதினேழு வயது. புள்ளி குத்துகிறவள், ஆளும் புள்ளி மாதிரி இருக்கிறாள் என்று வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்லை அறுப்பதும் எழுத்து வெட்டுவதும் அப்பா. தேய்ப்பது அம்மா. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓடும் கிரைண்டர் முன்னால் அம்மா நாள் முழுக்கக் குந்தியிருப்பாள். மூன்று பேருக்குமே இருமல் உண்டு. அம்மாவுடையது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

செத்தவர் முகத்துக்கென்று இன்னும் சில முறைகள் இருந்தன. அரைக்கண் என்றால் முழுசாகத் திறந்துவிட வேண்டும். சாய்ந்த கழுத்தை நிமிர்த்த வேண்டும். கலைந்த தலையை வாரிவிட வேண்டும். தழும்பு, பரு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். செய்யச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், செய்யாவிட்டால் கேட்பார்கள். புள்ளி உளி பிடித்த நாளிலிருந்து குறை என்று ஒருவரும் வந்ததில்லை. அப்பாவுக்கு அதில் பெருமை. "நாம பொளியறவங்க எந்திரிச்சு வந்தா குறை சொல்லப்போறாங்க? சொன்னா அவங்க வீட்டு ஆளுங்கதான் சொல்லணும். அவங்களும் சொன்னதில்ல" என்பார்.

புள்ளி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அந்த வகுப்பில் ஒவ்வொருவரும் முப்பது மணி நேரம் சேவை செய்து கணக்குக் காட்ட வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. போன வருஷம் வரை தெருக் கூட்டினார்கள். இந்த வருஷம் ஓவிய டீச்சர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். கடல் தாண்டி ஒரு நாட்டில் வெள்ளம் வந்து வீடு வாசல் போன பிள்ளைகள் ஒரு விடுதியில் இருந்தார்கள். இருபத்திரண்டு பேர். சிலருக்கு வீட்டோடு ஆட்களும் போயிருந்தார்கள். விடுதியில் வைத்து அந்தப் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் ஆளுக்கு ஒரு பிள்ளையை வரைந்து பார்சலில் அனுப்ப வேண்டும். தன் படம் என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரு தாள்கூட இல்லை, எல்லாம் தண்ணீரில் போய்விட்டது, ஆகவே நீங்கள் வரைவதைத்தான் அவர்கள் கட்டிலின் தலைமாட்டில் மாட்டுவார்கள் என்றார் டீச்சர்.

புள்ளிக்கு எட்டாம் எண் வந்தது. போட்டோவோடு ஒரு துண்டுச் சீட்டு. பெண், வயது ஏழு, பிடித்தது ஆடு, பிடித்த நிறம் மஞ்சள். போட்டோவில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அந்தச் சந்தில் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. கண் இருக்கிற இடத்தில் இரண்டு கோடுகள். தலைமயிர் ஒரு பக்கம் தூக்கி நின்றது. பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்ததுபோலக் கழுத்து ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது.

எல்லோரும் வெள்ளைத் தாளும் வண்ணமும் எடுத்தார்கள். புள்ளி கருப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும் கேட்டாள். அவள் கைக்குத் தெரிந்தது அதுதான். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "ஏய் கல்லறை, பேரும் தேதியும் போட மறந்துடாத" என்றான். வகுப்பில் அவள் பெயர் அதுதான். பழகிப்போன கிண்டல் என்பதால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டறையில் உட்கார்ந்து இருபத்தாறு மணி நேரம் குத்தினாள். உளிக்குப் பதில் பென்சில், மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. வாயை மூடினாள். கண்ணைத் திறந்தாள். கழுத்தை நிமிர்த்தினாள். தூக்கி நின்ற மயிரைப் படிய வாரினாள். யோசித்துச் செய்யவில்லை, கை போன போக்கில் போனது. முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது டீச்சர் அதைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். வெள்ளிக்கிழமை பள்ளியில் எல்லாப் படங்களையும் காட்சிக்கு வைத்து, சனிக்கிழமை பார்சல் கட்டுவதாக இருந்தது. இந்தப் படம்தான் வாசலில் முதலாவதாக நிற்கும் என்றார். சட்டைக் கழுத்தில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்ததால் அதை முடித்துக்கொண்டு வரச் சொன்னார். அன்று புதன்கிழமை.

சாயங்காலம் பட்டறைக்கு ஒரு தபால்காரர் வந்தார். மனைவிக்குக் கல் வைக்க வேண்டும். கவரில் போட்டோ கொண்டுவந்திருந்தார். அப்பா அவரிடம் அளவு கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் பார்வை அலமாரிக்குப் போனது. முடிந்த கற்களோடு கல்லாகப் புள்ளியின் படமும் அங்கே சாய்ந்திருந்தது. அவர் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே போனார்.

"எத்தனை வயசும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏழு."

"ஐயோ. எப்படி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உயிரோடதான் இருக்கு."

அவர் புள்ளியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "அப்ப எதுக்கு இப்பவே செஞ்சு வைக்கிறீங்க?" என்றார்.

அப்பா சிரித்து, பள்ளிக்கூடத்துப் படம் என்று விளக்கினார். தபால்காரர் சரி சரி என்று தலையாட்டினார், ஆனால் திரும்ப அந்தப் பக்கம் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "என் வீட்டுக்காரிக்கும் இதே மாதிரி செஞ்சிருங்க. இதே பார்வை" என்றார்.

அவர் போன பிறகு புள்ளி படத்தைக் கீழே இறக்கி, போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போட்டோவில் ஒரு பிள்ளை சிரித்தது. படத்தில் வேறொரு பிள்ளை வாயை மூடி, கண்ணை அகலத் திறந்து, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் கருங்கல் மாதிரியே கருப்பு.

வேலை சுத்தம் என்றார் அப்பா. ஓர் இடத்திலும் கை பிசகவில்லை. அந்த ஆள் பெண்டாட்டி போன துக்கத்தில் இருக்கிறார், அவருக்கு இன்றைக்குக் கழுதையைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும், அதற்காக இருபத்தாறு மணி நேர வேலையைத் தூக்கிப் போடுவார்களா என்றார். அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து, துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வெள்ளத்துல தப்பிச்சு வந்த புள்ளைய நாம கொன்னுட்டோம்போல" என்றாள்.

கட்டிலின் தலைமாட்டில் மாட்டுவார்கள் என்று டீச்சர் சொன்னது புள்ளிக்கு ஞாபகம் வந்தது. கிரைண்டரிலிருந்து வழியும் கற்சேறு பிடிக்கிற தொட்டி ஓரமாக இருந்தது. படத்தை அதற்குள் விட்டுக் கையால் அமுக்கினாள். தாள் ஊறி, சேறு ஏறி, முகம் போய்விட்டது. இனி வாசலில் வைக்கவும் படம் இல்லை, பார்சலில் போடவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் இன்னொன்று வேண்டும்.

வியாழக்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. கடையில் மஞ்சள் சார்ட் தாளும் கருப்புப் பென்சிலும் வாங்கிவந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கோடாக்கினால் தூங்குகிற பிள்ளை ஆயிற்று. பல்லை வரைந்தால் வாய்க்குள் ஜல்லி கொட்டினாற்போல் இருந்தது. அஞ்சு வருஷத்தில் முன்னூறு முகத்துக்கு மேல் பொளிந்திருந்தாள். சிரிக்கிற முகம் ஒன்றுகூட அதில் இல்லை. மத்தியானத்துக்குள் மூன்று தாள் வீணாயிற்று.

அம்மாவைக் கொஞ்சம் சிரித்துக் காட்டச் சொன்னாள். காரணமில்லாமல் சிரிக்க நான் என்ன லூசா என்று அம்மா கேட்டாள். அப்பா உதவிக்கு வந்து ஒரு ஜோக் சொன்னார். அதைக் கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்பதாக அம்மா சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து அப்பாவும் அம்மாவும் ஒரு கற்பலகையைப் புரட்டினார்கள். அப்பா பின்பக்கமாகக் காலெடுத்து வைத்தவர் தொட்டி விளிம்பில் குதிகால் தட்டி, சேற்றுக்குள் பொத்தென்று உட்கார்ந்தார். பலகை நல்லவேளையாகக் கட்டையில் நின்றது. தொட்டியில் அப்பா அளவாகப் பொருந்திப்போய் எழ முடியாமல் இருந்தார். ஆடாத அசையாத முகத்தோடு, "அளவு சரியாத்தான் இருக்கு" என்றார்.

அம்மா முகத்துணியை இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. புள்ளி போய் அப்பாவைத் தூக்கவில்லை. அம்மா முகத்தையே பார்த்தாள். கன்னம் மேலேறிக் கண்ணைத் தள்ளியது. கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தது. மூக்கு அகன்றது. தாடை தொங்கியது. பல் ஒவ்வொன்றாகத் தெரியவே இல்லை, வாய்க்குள் இருட்டுத்தான் தெரிந்தது, அந்த இருட்டு முடிகிற இடத்தில் பல் இருந்தது.

"அப்பனைத் தூக்காம என்னடி பார்க்கற?" என்றாள் அம்மா.

"சிரி, நிறுத்தாத" என்றாள் புள்ளி.

பிறகு உட்கார்ந்து எட்டாம் எண் பிள்ளையின் வாய்க்குள் இருட்டை மட்டும் போட்டாள். பல்லைத் தொடவில்லை. தொடாமல் விட்ட இடம் பல்லாக மிஞ்சியது. தாள் மஞ்சள் என்பதால் பல்லும் மஞ்சள். ஒரு பல் இல்லாத சந்தில் நாக்கு நுனியை வைத்தாள். கழுத்தைச் சாய்த்தாள், மயிரைத் தூக்கிவிட்டாள். ஒரு காது பெரிதாகிவிட்டது. திருத்த நேரமில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தப் படம் எங்கே என்றார். சேற்றில் ஊறப்போட்டுவிட்டதைப் புள்ளி சொன்னாள். டீச்சருக்கு முகம் சிவந்தது. தலைமையாசிரியரிடம் வரை சொல்லிவைத்திருந்தார். இது அவசரத்தில் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது, காது ஒன்று ஒழுங்காக இல்லை, மதிப்பெண் பாதியாகக் குறையும், தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டார்.

"அதைப் பார்த்த ஒருத்தர், புள்ள எப்படிச் செத்துச்சுன்னு கேட்டார், டீச்சர்."

"அவருக்குப் படம் பார்க்கத் தெரியலை."

"அவர் செத்தவங்க படம் பார்க்கத்தான் வந்தார். தலைமாட்டுல மாட்டுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்க வீட்டுல தலைமாட்டுக்குச் செய்யறது ஒண்ணுதான் டீச்சர்."

டீச்சர் மஞ்சள் படத்தைத் திருப்பிப் போட்டார். பிறகு அதன் பின்பக்கம் எட்டு என்று எழுதி அடுக்கில் வைத்தார். மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்தார். வாசலில் நாலாம் எண் பையனின் படம் நின்றது. புள்ளியின் படம் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்கியது. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள், பின்பெஞ்சுப் பையன் பார்த்தான், காதைப் பற்றி ஒன்று சொன்னான். மறுநாள் பார்சல் போனது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோக்கள். கூடவே விடுதிப் பொறுப்பாளரின் கடிதம். டீச்சர் வகுப்பில் அதைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, புள்ளியைப் பார்த்துவிட்டு மேலே படித்தார். எட்டாம் எண் பிள்ளை தன் படத்தில் ஒரு தப்பு இருப்பதாகச் சொல்கிறதாம். அந்தப் பல் முளைத்துவிட்டதாம். வரைந்தவர் அதைப் போட்டுத் தர முடியுமா என்று தினமும் வந்து கேட்கிறதாம்.

போட்டோவில் அந்தப் பிள்ளை மஞ்சள் படத்தை ஒரு கையால் கக்கத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. முகத்தில் சிரிப்பே இல்லை. கடைக்காரரிடம் பழுதுபட்ட சாமானைத் திருப்பித் தர வந்த ஆள் மாதிரி இருந்தது.

புள்ளி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடிதத்தில் என்ன என்று கேட்டார். சொன்னாள்.

"குறையா?" என்றார். "நம்ம பட்டறையில முதல் குறை." சொல்லிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். அதுவும் பல்லில்தான் வந்திருக்கிறது, பார்த்தாயா என்று அம்மாவிடம் காட்டினார்.

புள்ளி பட்டறைச் சுவரில் மாதிரிப் படங்களுக்கு நடுவே ஆணியடித்து அதை மாட்டினாள். மாட்டிக் கை எடுப்பதற்குள் அம்மா வந்து கழற்றினாள்.

"இங்க வேணாம். இந்தச் சுவத்துல இருந்தா வர்றவனெல்லாம் எப்படி ஆச்சும்பான்."

உள்ளே கொண்டுபோய்ச் சமையலறையில் தண்ணீர் டிரம்முக்கு மேலே சாய்த்து வைத்தாள். புள்ளி மிச்சமிருந்த மஞ்சள் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து அதன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை காதிலிருந்து தொடங்கினாள்.