ஒற்றைக்கால் கோல்

எங்கள் மில்லின் கால்பந்து அணிக்குப் பஞ்சுக் கிடங்கை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அணியின் மறக்க முடியாத நாட்களை அங்கே ஒரு கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். 1954: பிரெஞ்சு மாலுமிகளோடு சமன். 1957: ஒன்பது பேரோடு ஆடி வெற்றி. அன்றைக்கு மீதி இரண்டு பேர் சாராயக்கடையிலிருந்து எழுந்து வரவில்லை என்பது பலகையில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் என் பெயர். 1955: கலியபெருமாளின் ஒற்றைக்கால் கோல்.

அந்தக் கதையை ஒவ்வொரு ஆண்டு விருந்திலும் முசியே அருளப்பன் சொல்வார். மில்லுக்கு ஆள் எடுப்பதும் அணியை நடத்துவதும் அவர்தான்; பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா'வுக்குச் சொல்கிற 'முசியே' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. முட்டி உடைந்தும் கலியபெருமாள் மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை, அணிக்காக நின்றான், உடைந்த காலாலேயே அடித்தான், கடலூர்க்காரன் கோப்பையை வைத்துவிட்டுப் போனான் என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். நான் எழுந்து கும்பிட வேண்டும். எழுந்து நிற்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்கும் சேர்த்துத் தட்டுவார்கள்.

நடந்தது இவ்வளவுதான். முதல் பாதியில் நானும் கடலூர் ஆட்டக்காரன் ஒருவனும் மோதிக்கொண்டோம். என் வலது முட்டிக்குள் ஏதோ நழுவியது. அப்போதெல்லாம் அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆள் இறக்க முடியாது. அவன் வெளியே போனால் அணிக்குப் பத்துப் பேர்தான். அதனால் ஓடமுடியாதவனை இடது ஓரத்தில் நிறுத்தி வைப்பது வழக்கம். கேப்டன் ஜானகிராமன் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அங்கே விட்டான்.

"சும்மா நில்லுடா. உன்னப் பாத்துக்க அவனுங்கள்ல ஒருத்தன் நிப்பான்ல, அது போதும்."

நின்றேன். நல்ல காலில் நின்றதால், பந்து வந்தபோது கெட்ட கால்தான் சும்மா இருந்தது. அதை வீசினேன். கோல். பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடி மைதானத்திலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும் ஊர்வலம் போனார்கள். மேளம், மாலை, வழியெல்லாம் சோடா. கால் யார் யார் மார்பிலோ இடித்துக்கொண்டே வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முட்டி தேங்காய் அளவுக்கு இருந்தது. வீக்கம் வடிந்த பிறகும் அது மடங்கவில்லை.

ஆடுகிறவர்களுக்கு மில்லில் பகல் ஷிப்ட். பயிற்சிக்காக நாலு மணிக்கே விட்டுவிடுவார்கள். ஆடாதவனுக்குப் பகல் எதற்கு? என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். நூற்பு மெஷின் முன்னால் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு விடியும்வரை நிற்கிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் முசியே. நின்றுகொண்டே இருந்தேன். கோபம் வந்ததா என்று கேட்டால், ஞாபகமில்லை.

சில வருஷம் கழித்து என் மச்சான் ராமலிங்கத்தை மில்லில் தற்காலிக வேலை கொடுத்து அணியில் எடுத்தார்கள். என் மனைவி செல்வாம்பாளின் தம்பி. சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்கள் வீட்டில்தான். என்னைவிட வேகமாக ஓடுவான், என்னைவிடக் குறைவாக யோசிப்பான். 1961-ல் அணி கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஜெயித்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று முசியே அவனிடம் சொல்லியிருந்தார். உங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது பெயர் பலகையில் ஏறட்டும் என்றும் சொல்லியிருந்தார். நிரந்தரத்தைவிட இதைத்தான் அவன் வீட்டில் அதிகம் பேசினான்.

ஆட்டத்துக்குக் கிளம்பும்போது செல்வாம்பாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவன் எங்கியாச்சும் உழுந்தான்னா நீ பாத்துகிட்டு நிக்காத. இட்டுகிட்டு வந்துடு."

"நான் அவன தூக்கறதா? ரெண்டு பேரும் சேந்து உழுவோம்."

"சிரிக்காதய்யா. வூட்டுக்கு ஒரு நொண்டி போதும்."

ரயிலடி மைதானம் நிரம்பியிருந்தது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் கயிற்றுக்கு உள்ளே நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி விழுப்புரம். "சீக்கிரம் தோத்துட்டுக் கெளம்புங்கடா, ரயிலு போயிடும்!" என்று எனக்குப் பின்னால் ஒருவன் கத்திக்கொண்டே இருந்தான். விழுப்புரம் ஒரு கோல் போட்டதும் நிறுத்தினான். ராமலிங்கம் அதைத் திருப்பிப் போட்டதும் மறுபடியும் ஆரம்பித்தான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், உயரமாக வந்த பந்துக்கு ராமலிங்கமும் விழுப்புரம் கோல்கீப்பரும் சேர்ந்து எம்பினார்கள். கீழே வந்தபோது ராமலிங்கத்தின் வலது கால் அவனுக்கு அடியில் இருந்தது. எழுந்தான். சில அடி நடந்தான். அந்த நடை எனக்குத் தெரியும். ஜானகிராமன் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் இடது ஓரத்தில் விட்டான். கூட்டம் கைதட்டியது. விசில் ஊதும்வரை அவன் அங்கேயே நின்றான்.

"கலியபெருமாள்! இங்க வாய்யா!" முசியே கையசைத்தார். எனக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பூவரச மரத்தடியில் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தான். முட்டிவரை ஏறிய காலுறையைக் கழற்றுவதற்காகப் பூட்ஸையும் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். முட்டி வீங்கி உருண்டு வந்துகொண்டிருந்தது. ஜானகிராமன் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பய பயப்படறான். ஓரமா நின்னா போதும்னு நீ சொல்லு. நீ சொன்னாதான் கேப்பான்," என்றார் முசியே.

நான் ராமலிங்கத்தைப் பார்த்தேன். "வலிக்குதா?"

"இல்ல மாமா. மரத்துப் போயிருக்கு."

"எனக்கும் அன்னிக்கு வலிக்கல. எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருந்த மற்ற ஆட்டக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். முசியே சிரித்துப் பார்த்தார்.

"என்னய்யா வெளையாடற? வெளிய போறதுன்னா போவட்டும். நெரந்தரத்தப் பத்தி அப்பறமா பேசிக்கலாம்."

ராமலிங்கம் அவரைப் பார்த்தான், பிறகு என்னை. "நீ நின்ன இல்ல மாமா?"

"நின்னேன்."

"அப்பறம் என்னா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இடுப்புக்குக் கீழே மடங்காமல் விறைத்து நின்றது. அவன் அதைத் தினமும் வீட்டில் பார்க்கிறவன்.

மில் அந்த அணிக்குப் பதினோரு ஜோடி பூட்ஸ்தான் வாங்கிக் கொடுத்திருந்தது. 1955-ல் நாங்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடினோம். இப்போது பூட்ஸ் இல்லாதவனைக் கோப்பை ஆட்டத்தில் நடுவர் உள்ளே விடமாட்டார். நான் இடது காலை மடக்கி, வலது காலைப் பின்னால் நீட்டி, கையை ஊன்றிக் குனிந்தேன். அவனுக்கு மாட்டிவிடத்தான் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். வலது கால் பூட்ஸை எடுத்துக்கொண்டு கயிற்றைப் பார்த்து நடந்தேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கூட்டத்தில் ஒருவன், "டேய், ஒத்தக்கால் அண்ணன் பூட்ஸ மந்திரிச்சு எடுத்தாரப் போறாருடா!" என்றான். சிரிப்பும் கைதட்டலும். கயிற்றைத் தூக்கி வழிவிட்டார்கள். அதற்குள் ஜானகிராமன் ஓடிவந்து என் முன்னால் நின்றான்.

"குடுடா."

"மாட்டேன்."

"கோப்ப போயிடும்டா. அவன் வேலையும் போயிடும்."

"தெரியும்."

அவன் பிடுங்கியிருக்கலாம். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் விழுந்திருப்பேன். சுற்றிலும் எனக்குக் கைதட்டுகிற ஜனம். கையை நீட்டிக்கொண்டு நின்றான். நடுவர் விசில் ஊதினார். "நாசமாப் போ," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான்.

நான் ரயில் நிலையத்தின் வெளித்திண்டில் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைதானத்திலிருந்து இரண்டு முறை சத்தம் வந்தது. நம்மூர் ஆட்கள் கோல் போட்டால் வருகிற சத்தம் அல்ல. மூன்றுக்கு ஒன்று என்று பிறகு சொன்னார்கள்.

அன்று மாலையே ராமலிங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே கட்டியிருந்த நீரை எடுத்துவிட்டு மாவுக்கட்டு போட்டார் டாக்டர். இன்னும் அரை மணி நேரம் அந்தக் காலோடு ஆடியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம். செல்வாம்பாள் வந்து சொன்னாள். நல்லது செய்தாய் என்று அவள் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. தம்பிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாள்.

கட்டுப் பிரித்ததும் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சிநேகிதனோடு தங்கிக்கொண்டான். முசியே அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார். நிரந்தரமும் இல்லை. இரவு ஷிப்டில், நான் இருக்கும் நூற்புப் பகுதியிலேயே போட்டார். எனக்கு நாலு மெஷின் தள்ளி நிற்கிறான். என்னிடம் பேசுவதில்லை. ஒருமுறை கழிப்பறைக்குப் போகும் வழியில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். "ஓரமா நின்னிருப்பேன்யா. அவ்வளவுதான," என்றான். மாமா என்று கூப்பிடவில்லை. நான் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன்.

போன வாரம் காலையில் மில் சங்கு ஊதியதும் வெளியே வந்தோம். வாசலில் கூட்டம். நான் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. ஒதுங்கினேன். ராமலிங்கம். திரும்பிப் பார்க்கவில்லை. பெடலில் அவன் வலது முட்டி மேலே வந்தது, மடங்கியது, கீழே போனது. தெருமுனை திரும்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தேன்.