லேடீஸ் டெஸ்ட்

1

இந்தக் கதையை ஒருவர் எனக்குக் கொடுத்தார். தனக்குச் சொந்தமில்லாததையும் சேர்த்துக் கொடுத்தார். நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். நடந்தது அதுதான்.

விழுப்புரம் புதிய பஸ் நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், ஓட்டுநரை இடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் பெயர் தென்னரசு. நெரிசலில் வண்டி நின்றபோது தானாகவே பேச ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் பார்வை இருண்டுபோனது, மண்டைக்குள் கட்டி இருந்தது, வாரத்துக்கு இரண்டு மாத்திரையில் அது சுருங்கியது. ஜங்ஷன் வந்தும் நான் இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பிப் போய் மீதியையும் கேட்டேன். கதை எழுதுகிறவன் என்றதும் அவருக்குச் சந்தோஷம். கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கிற கடையில் தன் மனைவி இருக்கிறாள், எழுதி முடித்தால் அவளிடமே கொடுங்கள், தப்பில்லாமல் அடிப்பாள் என்றார்.

பதினான்கு பக்கம் எழுதினேன். பார்வை சுருங்கச் சுருங்கச் சாலையும் சுருங்குவதாக ஒரு வர்ணனை. எனக்கே பிடித்திருந்தது. கொண்டுபோய்க் காந்திமதியிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் போனால் ஒன்றரைப் பக்கம்தான் அடித்திருந்தார். இந்த வரியோடு நின்றிருந்தது:

"தென்னரசுக்கு ஒரு மனைவி இருந்தாள், குழந்தை இல்லை."

ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பதினோரு வருசத்த ஒரே வரியில முடிச்சிட்டீங்க சார். அதுலயும் நடுவுல ஒரு காற்புள்ளி. இத நான் என் கையால அடிக்கணுமா?"

பதினான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். இனி வருவது அவர் சொல்லி நான் எழுதியது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கதையில் 'பாவம்' என்ற சொல் வரக் கூடாது. (இங்கே வந்தது கணக்கில் சேராது என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.)

2

தொடக்கம் அமையவில்லை. சிலவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

பெருமுக்கல் மலையின் மேல் மாலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்த—

(பெருமுக்கல் அவர் பிறந்த ஊர். "மலை இருக்குது சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.)

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், பட்டாணி அளவில் தொங்கும் ஒரு சுரப்பி. அது சுரக்கும் புரோலாக்டின் என்ற—

(பாடப்புத்தகம். கொஞ்சம் கழித்து வரும்.)

கோபத்தோடு ஒரு பெண் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால்—

(அது கம்ப்யூட்டர். மேலும், கோபம் முதல் நாளே வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரமூட்டுவது. பதினோரு வருடம் அவருக்குக் கோபமே வரவில்லை, வெட்கம்தான் வந்தது.)

சரி, நேராகவே சொல்கிறேன். கதைக்குள் போனதும் அவர்கள் அவனாகவும் அவளாகவும் ஆகிவிடுவார்கள். மரியாதைக் குறைவில்லை, கிட்டே போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

3

காந்திமதி திண்டிவனத்தில் பி.காம் படித்து, இருபத்து நான்கு வயதில் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் வருடம் மாமியார் கோவிந்தம்மாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் முதலில் கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனை எழுதினார். கோவிந்தம்மாள் அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு அது வெளியே வரவில்லை. என் பிள்ளைக்கு இன்னா குறைச்சல் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தாள். அடுத்து பார்த்த டாக்டரும் அதையே சொன்னபோது தென்னரசு தனியாகப் போய்வந்தான். எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றான். காகிதம் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அதன்பின் எல்லாம் அவள் உடம்பில்தான் நடந்தது. மருந்தைச் செலுத்தி கருக்குழாயை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியில் மேஜையின் விளிம்பைப் பிடித்தாள், நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள். தொப்புளில் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மாதாமாதம் முட்டை வளர்ச்சி ஸ்கேன், இடுப்பில் ஊசி. ரத்தத்தில் புரோலாக்டின் மட்டும் மூன்று முறை. முதல் தடவை கொஞ்சம் கூடுதலாக வந்தது. டாக்டரம்மா வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வயிற்று எரிச்சலுக்கு ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனாலும் ஏறும், தைராய்டு குறைந்தாலும் ஏறும், மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகளாலும் ஏறும், ஊசியைக் கண்டு பயந்தாலும்கூடக் கொஞ்சம் ஏறும் என்று அவர் சொன்னார். மாத்திரையை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. அடுத்த இரண்டும் சரி.

அவளிடம் எல்லாமே சரிதான். எல்லாம் சரியாக இருந்தும் பிறக்கவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? மைத்துனன் தேவாவின் மனைவி மலர்விழிக்குத் திண்டிவனத்தில் முதல் வளைகாப்பு நடந்தபோது, காந்திமதியைப் பின்கட்டில் தேங்காய் துருவ உட்காரவைத்தார்கள். அவளும் துருவினாள்.

(இந்த இடத்தில் அவர், இதையும் எழுதுங்கள் என்றார். நான்காம் வருடத்திலிருந்து தென்னரசு அவளைத் தொடவில்லை. அலுப்பு என்பான், தலைவலி என்பான். வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தாள். தான் அழகு குறைந்துவிட்டதாக நினைத்தாள். ஊசி போட்டுக்கொண்ட தேதிகளில்கூட ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. அவன் மானம் போகக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். இதை மென்மையான சொற்களில் சுற்றி எழுதியிருந்தேன். அடித்துவிட்டு நேராகப் போடச் சொன்னார்.)

4

பதினோராம் வருடம் தென்னரசு நிறுத்தியிருந்த பைக் ஒன்றை இடப்பக்கம் உரசினான். அடுத்த வாரம், பழைய பஸ் நிலையத்தருகே மல்லாட்டை (நிலக்கடலை) கூடையோடு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டான். அவளுக்குக் கை ஒடிந்தது. அவள் வந்ததே தெரியவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். குடித்திருக்கிறான் என்றார்கள். குடிக்கவில்லை என்பது காந்திமதிக்குத் தெரியும்.

கண்ணாடி போட்டால் சரியாகும் என்று அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டர் சின்னப் பெண். ஒரு கண்ணை மூடச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவந்தாள். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை தென்னரசு தெரியவில்லை என்றே சொன்னான். இன்னொரு கண்ணுக்கும் அப்படியே. அவள் கண்ணாடி எழுதவில்லை, தலைக்கு ஸ்கேன் எழுதினாள்.

ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்கும் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. மண்டையைத் திறக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, கோவிந்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குத் தயார்செய்ய ரத்தப் பரிசோதனைகளின் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். எட்டு வருடமாகப் பட்டியல்கள் படித்துப் பழகியவள் காந்திமதி. ஸ்கேன் தாளில் இருந்த 'பிட்யூட்டரி' என்ற சொல் அவளுக்குத் தெரிந்த சொல். அவளுக்குப் புரோலாக்டின் கூடுதலாக வந்தபோது, மறுபடியும் வந்தால் பிட்யூட்டரியை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பட்டியலில் புரோலாக்டினைத் தேடினாள். அது இல்லை.

லேப்பில் ரத்தம் எடுப்பவரிடம், இதோடு புரோலாக்டினும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அது லேடீஸ் டெஸ்ட் மேடம்."

"எழுதுங்க."

"ஆம்பளைக்கு எதுக்கு? பால் சுரக்கிறதுக்கான டெஸ்ட் அது."

"எனக்கு மூணு தடவ எடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் சுரக்கல. நீங்க எழுதுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தென்னரசு தலையைக் குனிந்துகொண்டான். அவர் எழுதினார்.

ஆண்களுக்குப் பதினைந்து, இருபதுக்குள் இருக்க வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருந்தது. அவனுக்கு மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது.

5

அந்தத் தாளைப் பார்த்ததும் ஆபரேஷன் பேச்சு நின்றது. ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். நரைத்த தலை, மெதுவான பேச்சு. ஒரு காகிதத்தில் படம் போட்டார். இந்தச் சுரப்பி ஆணுக்கும் உண்டு, இந்த ஹார்மோனும் உண்டு. கட்டி அதை அளவில்லாமல் சுரக்கிறது. அது விதைகளுக்குப் போக வேண்டிய உத்தரவை நிறுத்திவிடும். ஆசை போகும், விந்தணு குறையும். கட்டி மேலே வளர்ந்து, கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தை அழுத்தினால் இரண்டு ஓரமும் இருளும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடுவதால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆண்கள் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு பெரிதாகிறது என்றார்.

பிறகு தென்னரசைப் பார்த்து, ஆசை குறைந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. சாப்பிட்டாயா என்பதுபோல் கேட்டார்.

"ஏழு வருசம் இருக்கும் சார்."

"விந்துப் பரிசோதனை எப்ப எடுத்தீங்க? ரிப்போர்ட் இருக்கா?"

தென்னரசு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"எடுத்ததே இல்ல சார்."

காந்திமதிக்கு முதலில் கோபம் வரவில்லை. எக்ஸ்ரே மேஜையின் விளிம்பு கையில் குளிர்ந்தது. தொப்புளில் பழைய தையல் இழுத்தது. டாக்டர் மாத்திரை எழுதுவதையும், வாரம் இரண்டு முறை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, முதலில் குமட்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்வதையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான் வந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு டெஸ்ட்டுக்குப் போறேன்னு கிளம்பினீங்களே, எங்க போனீங்க?"

ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்ததாகச் சொன்னான். பயமாக இருந்தது என்றான்.

"எனக்கு இல்லையா?"

 

6

மூன்றாம் வாரமே ஓரப்பார்வை திரும்ப ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் ரத்த அளவு இயல்புக்கு வந்தது, கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. கண் டாக்டர் சோதித்துச் சம்மதித்த பிறகே மறுபடி ஆட்டோ எடுத்தான். மாத்திரை நாட்களை அவள் ஞாபகப்படுத்துவதில்லை. அவனே தேதி குறித்துவைத்துச் சாப்பிட்டான். ஒரே வீட்டில் இருந்தார்கள். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். அவளைப் பார்த்து, நல்லவேளை குறை உன் மேல் இல்லை என்றார்கள். அவளுக்கு என்னவோ பரிசு கிடைத்ததுபோல்.

அப்போது மலர்விழிக்கு இரண்டாவது. முதல் குழந்தைக்கு விட்டுப்போன உறவுகளையும் கூப்பிட்டுத் திண்டிவனத்தில் மண்டபம் பிடித்து மறுபடி வளைகாப்பு வைத்தார்கள். இந்த முறை கோவிந்தம்மாள் எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டாள்.

"வாம்மா காந்தி, நீ வந்து மொதல்ல போடு. உன் மேல ஒண்ணும் இல்லன்னுதான் தெரிஞ்சிப்போச்சே."

தேங்காய் துருவ உட்காரவைத்த நாளில் வராத கோபம் இதற்கு வந்தது. காந்திமதி எழுந்தாள், வளையல் தட்டுப் பக்கம் போகவில்லை. ஆண்கள் வரிசையில் இருந்த தென்னரசைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரிஞ்சிப்போச்சின்னு சொல்றாங்க. இன்னா தெரிஞ்சிதுன்னு நீங்க சொல்லுங்க. இவங்கல்லாம் பதினோரு வருசமா என்னத்தான பேசிக்கினு இருந்தாங்க."

அவன் எழுந்து நிற்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நின்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனாலும் முன்வரிசைகளுக்குக் கேட்டது.

"கொற எங்கிட்டதான். டெஸ்ட் எடுத்தேன்னு சொன்னது பொய். அத்தினி ஊசியும் அவ சும்மா போட்டுக்கினா."

கோவிந்தம்மாள்தான் முதலில் சிரித்தாள். மண்டையில் கட்டி வந்தவன், ஏதோ பேசுகிறான், கண்டுக்காதீங்க என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ பாட்டு போடச் சொன்னார்கள்.

"கட்டி பெருசா இருந்தப்பதான் பொய் சொன்னாரு அத்தை" என்றாள் காந்திமதி. "இப்ப சுருங்கிடுச்சி."

வளையல் போடவில்லை. மலர்விழியின் தலையில் கைவைத்து வாழ்த்தினாள்; அந்தப் பெண்மேல் அவளுக்கு ஒன்றும் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். சிலது எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் அவனை விட்டுப் பிரிந்து வேறு ஊருக்குப் போகிறாள். அதைப் படித்துவிட்டு, நான் எதுக்கு சார் போவணும் என்று கேட்டார் காந்திமதி. இன்னொன்றில் அவனை மன்னிக்கிறாள். அந்தத் தாளை அப்படியே திருப்பித் தந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரை தொடங்கிப் பதினான்காம் மாதம் தென்னரசு தானாகவே போய் அந்தப் பரிசோதனையை எடுத்தான். இந்த முறை காகிதத்தோடு வந்தான். எண்ணிக்கை தேறியிருந்தது, வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலையே கோவிந்தம்மாள் வந்து, இனிமே எல்லாம் உன் கையிலதான் இருக்குது என்றாள் மருமகளிடம்.

அதற்குப் பிறகு?

போன திங்கள்கிழமை நானும் கேட்டேன். மனு கொடுக்க வந்த கூட்டம் கடை வாசல் வரை நின்றது. பேனாவும் கையுமாக, தயங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, "அப்புறம், விசேஷம் ஏதாவது—" என்றேன். அவர் கை விசைப்பலகையில் நின்றது.

"நீங்களும் கேட்டுட்டீங்க" என்றார். பிறகு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டு, பேரு சொல்லுங்க என்றார்.

இந்தப் பக்கம்வரை வந்த உங்களுக்கும் அதுதான் தெரிய வேண்டும். அது தெரியாமல் கதை முடியவில்லை என்று தோன்றுகிறது. அவர் வயிற்றில் என்ன நடந்தது என்று கேட்க நமக்கெல்லாம் உரிமை இருப்பதுபோல் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்தாலும் எழுத மாட்டேன். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் விழுப்புரத்துக்கு வாருங்கள். திங்கள்கிழமைகளில் கடை எட்டு மணிக்கே திறந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், நீங்களே கேளுங்கள்.