டாக்டரம்மா வாங்கிய டயர்

காலையில் கிளினிக்குக்கும் மாலையில் காய்கறிக் கடைக்கும் போய்வருகிற அதே சின்னக் காரை, மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆரம்பித்திருந்தார் பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். பழக்கிவிட்டது மாப்பிள்ளைதான். "சும்மா வந்து பாருங்க அத்தை" என்று ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டவர், மாமியார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதல் நாள் பழைய டயர்களோடு ஓட்டினார். வளைவுக்கு வளைவு அவை வீறிட்டு அலறின. வேலியோரம் நின்ற மாப்பிள்ளையின் நண்பர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம் பார்த்தால் டயர்களின் ஓரமெல்லாம் எலி கொறித்ததுபோல் பிய்ந்திருந்தது. புது டயர் வாங்கியே ஆகவேண்டும். எந்த டயர் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"ரெண்டாவது பேச்சே இல்ல அத்தை, செமி ஸ்லிக் போட்டுடுங்க" என்றார் மாப்பிள்ளை, சாப்பிடும்போது. அவர் காரில் இருப்பதும் அதுதான்: நாலைந்து வெட்டுகளைத் தவிர வழவழவென்றிருக்கும் பந்தய டயர். "பல்லி மாதிரி ஒட்டிக்கும். நீங்க தப்பே பண்ணாலும் காப்பாத்திடும்."

"மழை பெஞ்சா?"

"மழையில கொஞ்சம் பாத்துத்தான் போகணும்."

"நான் இதே டயர்லதான் மாப்பிள்ளை கிளினிக் போகணும். மழைன்னு பல்வலி லீவு விடுமா? அதோட, என் தப்பை டயர் மூடி மறைச்சா நான் எப்போ கத்துக்கிறது?"

"பசங்க எல்லாரும் அதைத்தான் போட்டிருக்காங்க."

"போடட்டும்."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவர் உன் நல்லதுக்குத்தானேம்மா சொல்றார்? விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா கேளேன்."

"கேட்டேனே. கேட்டுட்டுத்தான் வேண்டாங்கிறேன்."

டயர் கடைக்காரர் வேறு ரகம். "சார் வரலையாம்மா?" என்று டாக்டரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வீட்ல தூங்குறார். வண்டி என்னுது."

கடைக்காரர் ஒரு டயரை உருட்டிவந்து தட்டிக் காட்டினார். "லேடீஸ் ஓட்டுற வண்டிக்கு இதான் சரி. கல்லு மாதிரி. வருஷக்கணக்கா உழைக்கும்."

"கல்லு மாதிரி இருக்கிறதுதான் வேண்டாங்க. ரப்பர் மெத்துனு இருக்கணும், பக்கவாட்டுல விறைப்பா இருக்கணும், தண்ணி வெளியேற நல்ல வெட்டு வேணும். ரோட்டுல வேகமா ஓட்டுறதுக்குன்னே செய்றாங்களே, அது."

"அப்போ ஒரு சைஸ் அகலமா போடுங்க. கெத்தா இருக்கும்."

"இப்ப இருக்கிற சைஸே போதும். அகலமானா திருப்பும்போது உள்ள உரசும்."

"சீக்கிரம் தேஞ்சிடும்மா. அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

"தேயட்டும். தேய்க்கத்தானே வாங்குறேன்."

வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி கடைக்காரர் உள்ளே போய் அதை எடுத்துவந்தார்.

அடுத்த டிராக் நாளில் ஒரு மழையாவது வந்து டாக்டரின் கட்சி பேசியிருக்கலாம். ஒரு சொட்டு விழவில்லை. வெயில் கொளுத்தியது. மாப்பிள்ளையின் கார் விர்ரென்று பறந்தது. பல் டாக்டரோ நீண்ட இடது வளைவுக்குள் கொஞ்சம் துணிச்சலாகவே நுழைந்தார். டயர்கள் முனகின. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தார். அவ்வளவுதான், பின்பக்கம் நழுவி, கார் அரைவட்டமாகச் சுழன்று, புல்லில் போய், வந்த வழியைப் பார்த்து நின்றது.

மெதுவாக ஓட்டி வந்து ஓரமாக நிறுத்தினார். மாப்பிள்ளை ஓடிவந்தார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அத்தை! செமி ஸ்லிக்கா இருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்காது. நான் காலை எடுத்தது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சும் இருக்காது."

"போதும்மா, இறங்கிடு" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த மகள். அழுதுவிடுவாள்போல் இருந்தது.

"இப்போ இறங்கினா அப்புறம் ஏற மாட்டேன்டி. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

டிராக்கின் மேற்பார்வையாளர் சக்கரங்களை அசைத்துப் பார்த்து, சிக்கியிருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போகலாம் என்று தலையாட்டினார். பல் டாக்டர் போனார்.

அதே வளைவு. அதே முனகல். கால் தானாக எழப் பார்த்தது. "இரு!" என்று அதை அதட்டினார், நாற்காலியில் துள்ளும் நோயாளியை அதட்டுகிற குரலில். கால் அடங்கியது. முனகிக்கொண்டே டயர்கள் தரையை விடாமல் பற்ற, கார் வளைவை முடித்து நேர்ப்பாதையில் பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் அவர் போட்ட கூச்சல் அவர் காதையே அடைத்தது.

ஒரு சுற்றுக்கு யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற பட்டியலில் மாப்பிள்ளை வெகு தூரம் முன்னால் இருந்தார். டாக்டருக்குக் கீழே ஒரே ஒருவர்தான்.

"டயரை மட்டும் மாத்துங்க அத்தை, நேரம் எப்படிக் குறையுதுன்னு பாருங்க" என்றார் மாப்பிள்ளை, இன்னும் விடாமல்.

"குறைச்சுக் காட்டுறேன். இதே டயர்ல."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து காற்றுப் பார்க்கிற மீட்டரை எடுத்துக் குனியப்போனார். "சூட்டுல காத்து ஏறியிருக்கும், நான் பாத்துத் தர்றேன்."

"குடுங்க" என்று அதை வாங்கிக்கொண்டு, பல் டாக்டர் தாமே சக்கரத்தருகே மண்டியிட்டார்.